வீட்டு மின்சாரத்தில் கார்பன் உமிழ்வு: எதை முதலில் குறைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புவி வெப்பமாதலைப் பற்றி நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வரும் கட்டுரைகளின் அடியில், "நாம் என்ன செய்யலாம்?" என்ற தலைப்பில் ஒரு சிறு பெட்டிச் செய்தி அநேகமாக இடம்பெற்றுவிடுகிறது. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணையுங்கள், கைபேசியில் சார்ஜ் ஏறியதும் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், ஏ.சி.யை அளவாகப் பயன்படுத்துங்கள், வெந்நீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று அதில் வரும் அறிவுரைகளில் ஒன்றையும் தவறென்று சொல்ல முடியாது. என் மனக்குறை வேறு. ஆண்டு முழுவதும் செய்தாலும் ஒரு கிலோ கரியமில வாயுவைக்கூடக் குறைக்காத செயலும், அதே ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோவைக் குறைக்கும் செயலும் அந்தப் பெட்டியில் அருகருகே ஒரே எடையோடு நிற்கின்றன. படிப்பவர் தமக்கு எளிதானதைத் தேர்ந்துகொண்டு, தம் பங்கைச் செய்துவிட்ட நிறைவோடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், வீட்டு மின்சாரத்தில் எது பெரியது, எது சிறியது என்பதைக் கணக்கோடு எடுத்துச்சொல்ல விரும்பி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின் கட்டண ரசீதில் நாம் பார்க்கும் ஒரு யூனிட் என்பது, 1000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கும்போது செலவாகும் ஆற்றல். ஜூல் கணக்கில் 36 லட்சம். இந்த எண் மாணவர்களுக்கு எதையும் உணர்த்துவதில்லை என்பதால் வகுப்பில் நான் வேறுவிதமாகச் சொல்வதுண்டு. ஒரு டன் எடையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 367 மீட்டர் உயரத்துக்கு, அதாவது நூறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சிக்குத் தூக்கிச்செல்ல எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அவ்வளவுதான் ஒரு யூனிட். அத்தனை வேலை சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டியவுடன் நடந்துவிடுவதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விப்புக் கோபுரத்தின் வழியாகவும் புகைபோக்கியின் வழியாகவும் வெளியே போய்விடுகிறது. அப்படி உற்பத்தியான மின்சாரத்திலும் ஒரு பகுதி, கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் வெப்பமாகக் கரைந்த பிறகே வீட்டுக்கு வந்து சேர்கிறது. கார்பன் அணுவின் எடை 12. அதனோடு 16 எடையுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேரும்போது மூலக்கூறின் எடை 44 ஆகிறது என்பதால், எரிந்த கரியைவிட வெளிவரும் வாயு எடை மிகுந்ததாக இருக்கிறது. ஆகவே நிலக்கரியிலிருந்து பெறும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும் பிழையாகாது. இயற்கை எரிவாயு நிலையங்களில் இது பாதிக்கும் குறைவு. நீர்மின்சாரத்தை நம்பியிருக்கும் நார்வேயிலும், அணுமின்சாரத்தைப் பெரிதும் பயன்படுத்தும் பிரான்ஸிலும் ஒரு யூனிட்டின் சுமை இன்னும் வெகு சொற்பம். நான் கீழே தரும் கணக்குகள் நிலக்கரி மின்சாரத்தை வைத்துச் சொல்பவை. உலகின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ஆம் ஆண்டு சார்லஸ் டேவிட் கீலிங் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இன்று நாம் வெளியேற்றுவதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கியிருக்கும். யூனிட்டையும் கிலோவையும் இத்தனை கறாராக எண்ண வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

வீட்டிலுள்ள கருவிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஒளி, ஒலி, படம், செய்தி ஆகியவற்றைத் தருபவை ஒரு வகை. வெப்பத்தை உண்டாக்குபவையும், வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துபவையும் மற்றொரு வகை. வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மின்னடுப்பு, துணி உலர்த்தும் இயந்திரம், ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி ஆகியவை இந்த இரண்டாம் வகையில் அடங்கும். முதல் வகைக் கருவிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் வியக்கத்தக்க அளவுக்குச் சிக்கனமாகிவிட்டன. தண்ணீரைச் சூடாக்கத் தேவையான வெப்பத்தையோ எந்தத் தொழில்நுட்பத்தாலும் குறைத்துவிட முடியாது. அது தண்ணீரின் இயல்பு. மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், வெப்பத்தைக் கவனியுங்கள் என்பதையே நான் சொல்வேன்.

குளியலறையிலிருந்தே தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 25 டிகிரியில் உள்ள 20 லிட்டர் தண்ணீரை, ஒரு பெரிய வாளி அளவு என்று வைத்துக்கொள்வோம், 40 டிகிரிக்குச் சூடாக்கினால் செலவாவது ஏறத்தாழ 0.35 யூனிட். அதே வெந்நீரை நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் பத்து நிமிடம் நின்று பயன்படுத்தினால் 90 லிட்டர் ஆகிவிடும். செலவு ஏறத்தாழ 1.6 யூனிட். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இரவும் பகலும் அணைக்காமல் ஒரு வாரம் எரியவிட்டால்தான் அவ்வளவு மின்சாரம் செலவாகும். கைபேசியோடு இணைக்காமல் சுவரில் வெறுமனே செருகி வைத்திருக்கும் இன்றைய தரமான சார்ஜர் எடுப்பது 0.1 வாட்டுக்கும் குறைவு என்பதால், ஓராண்டு முழுவதும் அது அங்கேயே இருந்தாலும் ஒரு யூனிட்கூட ஆவதில்லை. அதாவது, ஆண்டு முழுவதும் தவறாமல் சார்ஜரைக் கழற்றி வைத்துச் சேமித்ததைக் காட்டிலும் அதிகமான மின்சாரத்தை ஒரே ஒரு நீண்ட வெந்நீர்க் குளியலில் செலவழித்துவிடுகிறோம். சார்ஜரைக் கழற்ற வேண்டாம் என்பது என் வாதமன்று. பாதுகாப்புக் கருதி அது நல்ல பழக்கமே. ஆனால் கார்பன் உமிழ்வைக் குறைக்கும் வழிகளில் அதற்கு முதலிடம் கொடுப்பது மக்களைத் திசைதிருப்புவதாகும்.

வெந்நீரில் செய்யக்கூடியவை எளியவை. ஷவர் நேரத்தைப் பாதியாக்கலாம், அல்லது வாளிக்கு மாறலாம். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிவிட்டுப் பிறகு குளிர்ந்த நீரைக் கலப்பதைவிட, ஹீட்டரில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத் தேவையான அளவுக்குச் சற்று மேலாக மட்டும் வைக்கலாம். ஆனால் நாள் முழுவதும் தண்ணீரைச் சேமித்து வைக்கும் பெரிய தொட்டிகளில் 60 டிகிரிக்குக் கீழே வைப்பது நோய்க்கிருமிகள் பெருக இடம் கொடுக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தேவைப்படும்போது மட்டும் சுவிட்சைப் போடும் சிறு தொட்டிகளுக்கு அந்தக் கவலை குறைவு. சூரிய வெப்பத்தில் இயங்கும் ஹீட்டரை மாடியில் வைக்க இடமுள்ளவர்கள் வைத்துவிட்டால், ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இந்தக் கேள்வியே எழாது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இதே கணக்குதான். 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க 0.6 யூனிட் செலவாகிறது. டிரம்மைச் சுழற்றும் மோட்டாருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை. நோயாளியின் துணி, கைக்குழந்தையின் துணி போன்றவற்றுக்கு வெந்நீர் வேண்டியிருக்கலாம். அன்றாட உடைகளுக்குக் குளிர்ந்த நீரே போதும், இன்றைய சோப்புத் தூள்களும் அதற்கேற்றவையே. துணி உலர்த்தும் இயந்திரம் ஒரு முறைக்கு 2 முதல் 4 யூனிட் வரை எடுக்கிறது. கொடியில் காயப்போட்டால் அந்தச் செலவு முழுவதும் மிச்சம்.

அடுத்தது ஏ.சி. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் மின்சாரம் மட்டும் சம்பந்தப்படவில்லை. ஒன்றரை டன் இயந்திரம் என்றால், அறையிலிருந்து ஏறத்தாழ 5.3 கிலோவாட் வீதம் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டக்கூடியது என்று பொருள். முழுத் திறனில் இயங்கும்போது அந்த வேலைக்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட். வெப்பம் அதிகமாக உள்ளே வர வர, வெளியேற்ற வேண்டியதும் அதிகமாகிறது. ஆகவே சிக்கனம் ரிமோட்டில் தொடங்குவதற்கு முன்பே ஜன்னலில் தொடங்கிவிடுகிறது. நேர் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் வரை இறங்கும். வெயில் நேராக விழும் கண்ணாடி ஜன்னல் வழியே அதில் பெரும்பகுதி உள்ளே நுழைந்துவிட்டால், அறைக்குள் ஒரு மின்னடுப்பை எரியவிட்டு அதன் எதிரே ஏ.சி.யை ஓட்டுவதற்கு ஒப்பாகும். உள்ளே தொங்கும் திரைச்சீலை ஓரளவு உதவும். வெளியே அமைக்கும் நிழல், மூங்கில் தட்டியாக இருந்தாலும் மரமாக இருந்தாலும், அதைவிடப் பல மடங்கு உதவும், ஏனென்றால் கண்ணாடியைக் கடந்து வருவதற்கு முன்பே அது வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது.

பதினெட்டு டிகிரியில் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பழைய வகைக் கம்பிரசர் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். நாம் வைக்கும் எண் அது எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. அறை 26 டிகிரியை எட்டிய பிறகும் இயந்திரத்தை நிற்கவிடாமல் ஓட்டுவதுதான் பதினெட்டில் வைப்பதால் கிடைக்கும் ஒரே பலன். வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் மின்செலவு ஏறத்தாழ 5 அல்லது 6 சதவீதம் குறைகிறது. கூடவே மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால், வியர்வை விரைவாக உலர்வதால் இரண்டு டிகிரி கூடுதலாக இருந்தாலும் உடல் அதே சுகத்தை உணர்கிறது. ஜப்பானில் 2005-ஆம் ஆண்டு அரசே முன்னின்று, அலுவலகங்களில் ஏ.சி.யை 28 டிகிரியில் வைக்கவும், கோட்டும் டையும் அணியாமல் பணிக்கு வரவும் ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த இயக்கத்தில் நான் பெரிதும் மதிப்பது 28 என்ற எண்ணையன்று. உடையை மாற்றாமல் வெப்பநிலையை மட்டும் மாற்றச் சொல்வது நடக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்ததைத்தான். போர்வை போர்த்திக்கொள்ளும் அளவுக்கு அறையைக் குளிரவைத்துவிட்டு உறங்கும் பழக்கம் நம் வீடுகளிலிருந்து போக வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏ.சி.யின் உள்ளே சுற்றிவரும் குளிர்பொருளைப் பற்றிப் பேசாமல் விடுவது பெருங்குறை. ஆர்-410ஏ என்ற குளிர்பொருளில் ஒரு கிலோ காற்றில் கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது 2000 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. பழைய ஆர்-22 ஏறத்தாழ 1800 மடங்கு, ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. புரோப்பேன் எனப்படும் ஆர்-290 ஐந்து மடங்குகூட இல்லை. வீட்டு ஏ.சி. ஒன்றில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால், ஆர்-410ஏ நிரப்பிய இயந்திரம் ஒருமுறை முழுவதுமாகக் கசிந்தாலே, நிலக்கரி மின்சாரம் 2000 யூனிட் செலவழித்ததற்குச் சமமாகிவிடுகிறது. இத்தகைய குளிர்பொருள்களைப் படிப்படியாகக் குறைப்பதற்காகவே 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. அது 2019 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குளிர்பொருள் பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கேஸ் குறைந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பது, துளையுள்ள குழாய் வழியே அந்த வாயுவைத் தவணை முறையில் வானத்துக்கு அனுப்புவதேயாகும். கசிவை அடைத்துத் தரும்படி கேட்பதும், பழைய இயந்திரத்தை அகற்றும்போது உள்ளிருக்கும் கேஸைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் எடுத்துக்கொள்ளச் சொல்வதும் வீட்டுக்காரரின் உரிமை. வேறு எந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது.

குளிர்சாதனப் பெட்டி ஓய்வே இல்லாமல் இயங்குவது என்பதால் அதன் சிறு குறைகளும் ஆண்டுக் கணக்கில் பெரிதாகின்றன. கீழ்ப்பகுதியை 4 டிகிரி அளவிலும் உறைபகுதியை கழித்தல் 18 டிகிரியிலும் வைத்தால் போதுமானது. பின்புறக் கம்பிச்சட்டம் வெப்பத்தைக் காற்றில் விடும் இடம் என்பதால் அதைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. அதில் படியும் தூசியையும் அவ்வப்போது துடைக்க வேண்டும். கதவின் ரப்பர் விளிம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால், அந்த இடத்தில் குளிர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. புதிய பெட்டி வாங்கியவர்கள் பழையதை எறிய மனமில்லாமல் இன்னோர் அறையில் தண்ணீர்ப் புட்டிகளுக்கென்று ஓடவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். புதிய பெட்டியால் கிடைத்த சேமிப்பு முழுவதையும் அது விழுங்கிவிடும்.

இனி, அணைத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கருவிகள். இதற்காக மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சி தருகிறேன், வாசகர்களும் அதைச் செய்து பார்க்கலாம். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 3200 என்றால், ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல் ஆற்றல் செலவாகிறது. ஆகவே இரண்டு மினுக்கல்களுக்கு இடையே எத்தனை வினாடி ஆகிறதோ அதைக்கொண்டு 1125-ஐ வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எடுத்துக்கொண்டிருக்கும் வாட் அளவு கிடைத்துவிடும். ஹீட்டர் ஓடும்போது பார்த்தால் விளக்கு படபடவென்று வினாடிக்கு இரண்டு முறை துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

ஒரு மாணவி இரவில் வீட்டார் எல்லோரும் படுத்த பிறகு, விளக்கு, விசிறி, எல்லாவற்றையும் அணைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசரும் ஓய்ந்த நேரம் பார்த்து மீட்டரின் முன் நின்றிருக்கிறாள். விளக்கு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவளுக்கு, 45 வினாடிக்கு ஒரு முறை அது மினுக்கியது வியப்பாக இருந்திருக்கிறது. கணக்குப்படி 25 வாட். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிவிட்டு வந்து மீண்டும் எண்ணிப் பார்த்தபோது, அதில் பாதிக்கு மேல் செட்டாப் பாக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ரிமோட்டில் அணைத்தால் அதன் முகப்பு விளக்கு நிறம் மாறுகிறதே தவிர உள்ளே வேலை நிற்பதில்லை. 25 வாட் என்பது கேட்பதற்குச் சிறியது. ஓராண்டின் 8760 மணி நேரத்தால் பெருக்கினால் 219 யூனிட், நிலக்கரி மின்சாரமானால் ஏறத்தாழ 200 கிலோ கரியமில வாயு. யாரும் பார்க்காத தொலைக்காட்சிக்காக, யாரும் விழித்திராத நேரத்தில் இது வெளியேறுகிறது. அணைத்து வைத்த கருவி எதுவும் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இலேயே முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்கு அதை அரை வாட்டாகவே குறைத்துவிட்டது. செட்டாப் பாக்ஸ், மோடம் போன்று வலையமைப்போடு இணைந்திருக்கும் கருவிகள் இன்னும் முழுமையாக அந்தக் கட்டுக்குள் வராததால், தொலைக்காட்சிக்கும் அதனோடு சேர்ந்தவற்றுக்கும் ஒரே சுவிட்ச் வைத்து இரவில் அணைப்பதே இப்போதைக்கு உறுதியான வழி.

தங்களிடம் என் வேண்டுகோளும் இந்தப் பயிற்சியிலிருந்து எழுவதே. மின்சாரச் சிக்கனம் பற்றித் தங்கள் இதழில் வெளியிடும் ஒவ்வோர் அறிவுரைக்கும் பக்கத்தில், ஆண்டுக்கு எத்தனை யூனிட், எத்தனை கிலோ என்று இரண்டு எண்களைச் சேர்த்து அச்சிட்டால், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார். எண்களைப் பார்த்து வாசகர் ஒதுங்கிவிடுவார் என்று தயங்க வேண்டியதில்லை. மீட்டர் பயிற்சியை முடித்த மாணவர்கள் தம் பெற்றோரையும் இழுத்துவந்து மீட்டர் முன்னால் நிறுத்துவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை எட்டு ஒன்பது வாட்டில் எல்.இ.டி. தந்துவிடுகிறது, அதற்கு வழிகோலிய நீல ஒளி டயோடுக்காக 2014-இல் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்காவது குண்டு பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தால் அது பழுதாகும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடலாம். மின்விசிறி அப்படியன்று, கவனிக்க வேண்டியது. பழைய விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் சிக்கனமான புதுவகை மோட்டார் பொருத்திய விசிறி அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. நாளுக்கு 12 மணி நேரம் சுழலும் விசிறியானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூனிட் வித்தியாசம். ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிடுவதில் எந்தப் பயனும் இல்லை. விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை, உடலின் வியர்வையை உலர்த்துகிறது. உடல் இல்லாத இடத்தில் அதன் மோட்டார் அறையைச் சிறிது சூடேற்றவே செய்யும்.

சிக்கனமான கருவி வாங்கிவிட்டோமே என்று அதைத் தாராளமாக ஓடவிடும் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். நீராவி இயந்திரங்கள் குறைந்த கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியபோது, கரியின் மொத்தச் செலவு குறைவதற்குப் பதிலாகக் கூடியது என்பதை 1865-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எடுத்துக்காட்டினார். எல்.இ.டி.தானே என்று வீட்டைச் சுற்றிலும் விடிய விடிய எரியும் விளக்குகளும், இன்வெர்ட்டர் ஏ.சி.தானே என்று இரண்டாவது அறையிலும் பொருத்தப்படும் இயந்திரமும் அதன் இன்றைய வடிவங்கள். ஆகவே வாங்கிய கருவியின் நட்சத்திரக் குறியைக்காட்டிலும், மாத இறுதியில் மீட்டர் காட்டும் எண்ணையே ஒருவர் தம் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

ஒரே யூனிட் எல்லா நேரத்திலும் ஒரே அளவு கார்பனைச் சுமப்பதில்லை என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். சூரிய மின்சாரம் மிகுந்துவரும் மின்கட்டமைப்புகளில், நண்பகலில் வரும் மின்சாரத்தில் தூய்மையான பங்கு அதிகம். பொழுது சாய்ந்ததும் சூரிய உற்பத்தி நின்றுவிட, அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் அடுப்பும் ஒன்றாக இயங்கத் தொடங்க, அந்தத் தேவையைப் பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும் ஈடுகட்டுகின்றன. துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, மின்வாகனத்துக்கு சார்ஜ் ஏற்றுவது ஆகியவற்றுக்கு ஒரு குறிப்பிட்ட நேரம் கட்டாயமில்லை. பகலில் வீட்டில் ஆள் இருப்பவர்கள் இவற்றை மாலை ஆறிலிருந்து பத்துவரையிலான நேரத்தைத் தவிர்த்து நண்பகலுக்கு மாற்றிவிட்டால், ஒரு யூனிட்டும் குறைக்காமலே உமிழ்வைக் குறைத்துவிடலாம். அந்தச் சில மணி நேர உச்சத்தைச் சமாளிப்பதற்கென்றே புதிய மின்நிலையங்கள் கட்டப்படுகின்றன என்பதால், உச்சம் தணிந்தால் அவற்றின் தேவையும் தணியும்.

உலகமே பெரிய ஆலைகளாலும் வாகனங்களாலும் புகைந்துகொண்டிருக்கும்போது ஒரு வீட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் எழுகிறது. நியாயமான கேள்வி. மின்சாரம் எதிலிருந்து உற்பத்தியாக வேண்டும் என்பது அரசுகளும் மின்நிறுவனங்களும் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டுச் சிக்கனம் அதற்கு மாற்றாகாது. ஆனால் வெந்நீர், ஏ.சி., இரவில் விழித்திருக்கும் பெட்டிகள், பழைய விசிறிகள் ஆகியவற்றைச் சீர்செய்தால் ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரம் யூனிட் அளவுக்குக் குறைப்பது நடக்கக்கூடியதே. அது ஒரு டன் கரியமில வாயு. வீட்டுக்கூரையில் சூரியத் தகடு அமைக்க எண்ணுபவர்களுக்கும் இதுவே முதல் படியாக இருக்க வேண்டும், ஏனென்றால் தேவையைக் குறைத்த பிறகு அமைக்கும் தகடு சிறியதாக இருந்தாலே போதும். மறுபக்கத்தில், ஓர் அறையில் ஒரே விளக்கும் விசிறியுமாக வாழ்பவர்களிடம் சிக்கனத்தைப் போதிப்பது முறையன்று. அவர்கள் ஏற்கெனவே மிகக் குறைவாகவே உமிழ்கிறார்கள். கடும் வெப்ப அலை வீசும் நாட்களில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் யூனிட்டைப் பார்த்து ஏ.சி.யை அணைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நான் கேட்டுக்கொள்வது, குறைக்க முடிந்தும் குறைக்காதவர்களைத்தான்.

மின் விநியோக நிறுவனங்களும் இதில் ஓர் உதவி செய்யலாம். மாதாந்திர ரசீதில் யூனிட்டும் தொகையும் மட்டுமே இருக்கின்றன. சென்ற ஆண்டு இதே மாதத்தில் அந்த வீடு செலவழித்த யூனிட், இந்த மாதம் கட்டமைப்பில் வந்த மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு, நாளின் எந்த நேரங்களில் அது குறைவாக இருந்தது என்ற மூன்று விவரங்களையும் அதே தாளில் அச்சிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது; உற்பத்திக் கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தங்கள் நாளிதழ் இந்தக் கோரிக்கையை அவர்களிடம் எடுத்துச்சென்றால், எங்கள் மாணவர்கள் மீட்டர் முன் நின்று போடும் கணக்கை ஒவ்வொரு வீடும் தன் ரசீதிலேயே படித்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்